கரடிக்கல் ஏரிக்குப் பறந்த ஜெனரேற்றர்

கரடிக்கல் ஏரியில் கடை வைத்திருக்கும் விக்டர், அருமைநாயகத்தின் விமானக் கம்பனிக்குக் கொடுக்கவேண்டியிருந்த கடன் பதினோராயிரத்து நானூற்று அறுபது டொலர். மூன்று குளிர்காலமாகச் சாமான் ஏற்றி இறக்கிய கூலி அது. அதைக் கட்டிமுடிக்கும்வரை அந்த ஊருக்கு ஒரு தீப்பெட்டிகூடப் பறக்காது என்று அருமைநாயகம் சொல்லி ஒரு மாதமாகிறது.

கனடாவின் வடக்கில், காடும் ஏரியும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், எண்பத்துமூன்று பேர் வாழும் ஊர் கரடிக்கல். அங்கே சாலை கிடையாது. ஏரிகள் தடிப்பாக உறைந்து, அவற்றின்மேல் லொறி ஓடும் பனிப்பாதை திறக்கும்வரை வானம் ஒன்றுதான் வழி. அந்த ஊரின் ஜெனரேற்றர் முந்தின நாள் மதியம் நின்றுபோனது. ஊர் முழுவதும் பள்ளிக்கூடத்து ஒற்றை விறகு அடுப்பைச் சுற்றிக் குந்தியிருக்கிறது, அதில் ஒன்பது நாள் குழந்தையும் ஒன்று, வெட்டிவைத்த விறகு நாளைவரை போதாது என்று விக்டர் றேடியோவில் சொன்னார். அவர் காசு கட்டி வாங்கிய மாற்று ஜெனரேற்றரும் மாவும் ஒரு மாதமாகக் கம்பனிக் கொட்டிலில் ஏற்றப்படாமல் கிடந்தன.

"காசு கட்டாமல் பறக்கேலாது," என்றார் அருமைநாயகம். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. இருக்கிற இரண்டு பழைய விமானங்களையும் வங்கியில் ஈடு வைத்திருக்கிறவர். "இந்த முறை நான் இரங்கினால் அடுத்த முறை எனக்கு இரங்க ஆள் இல்லை."

சாமான் ஏற்றுகிற பரராசசிங்கம் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். வயது ஐம்பத்தேழு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் பதினாறு வயதில் மூட்டை தூக்கத் தொடங்கிய முதுகு, இந்தப் பனிநாட்டிலும் அதே வேலையைத்தான் பார்த்தது. போன வருடம் விமானம் பழுதாகி நான்கு நாள் கரடிக்கல்லில் அகப்பட்டபோது, அந்த ஊர் அவருக்குத் தன் சமையலில் பங்கு போட்டது. கால் விறைத்து நின்றவருக்கு விக்டர் தன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

"முதலாளி, அந்தக் காசை என்ரை பேரிலை எழுதுங்கோ. மாசா மாசம் சம்பளத்திலை வெட்டுங்கோ."

"பரா, உனக்கு விசரோ? மகளின்ரை கலியாணத்துக்குச் சேர்க்கிறனி எல்லோ?"

"கலியாணம் ஆவணியிலை. அந்தக் குழந்தைக்கு இண்டைக்குக் குளிருது."

அருமைநாயகம் இழுப்பறையைத் திறந்தார். பிறகு கடதாசி எடுத்து எழுதினார். ஜெனரேற்றர் போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கடன் பராவின் தலையில். பரா கையெழுத்து வைத்தார்.

வெளியே விமானி கௌசிகா வானத்தைப் பார்த்தபடி நின்றாள். ரொறன்ரோவில் பிறந்தவள், இருபத்தெட்டு வயது, இந்த வடக்கில் நான்கு குளிர்காலம் பறந்தவள். ஒரு மாதமாகப் பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தைந்தில் கிடந்த குளிர் அன்று ஏழுக்கு வந்திருந்தது.

"நல்ல சூடாக் கிடக்குது பிள்ளை," என்றார் பரா. "வெறும் சட்டையோடை நிக்கலாம் போல."

"அதுதான் அங்கிள் பயம். முப்பத்தஞ்சிலை காத்துக் காய்ஞ்சு கிடக்கும், ஒண்டும் செய்யாது. ஏழிலை ஈரம் வரும். அது பிளேனின்ரை செட்டையிலை பட்டால் அப்பிடியே ஐஸ். ஒரு மணிக்கு முதல் வெளிக்கிடாட்டில் மூண்டு நாளைக்குப் பறக்கேலாது."

இருநூற்றுப் பத்துக் கிலோ ஜெனரேற்றரைப் பலகை வைத்து உருட்டி, விமானத்தின் நடுவில், கதவுக்கு நேரே கட்டினார் பரா. அடுத்தது அதற்கு முன்னும் பின்னும் அடுக்க, ஊருக்கான மா, இருபது மூட்டை. முதல் மூட்டையைத் தோளில் சுமந்து ஏற்றினார். இரண்டாவதையும் ஏற்றினார். மூன்றாவதைத் தூக்கியவர் திரும்பக் கீழே போட்டார்.

"பிள்ளை, இது இருபத்தஞ்சு கிலோ இல்லை."

"மூட்டையிலை இருபத்தஞ்சு எண்டுதானே அடிச்சிருக்கு."

"மூட்டை அப்பிடிச் சொல்லுது. முதுகு இருபத்தெட்டு எண்டுது."

"உங்கடை முதுகுக்கு ஆர் அங்கிள் சேட்டிபிக்கற் குடுத்தது?"

"சுன்னாகம் சந்தை."

அவள் சிரித்துக்கொண்டுதான் தராசை இழுத்துவந்தாள். முள் இருபத்தெட்டில் நின்றது. சிரிப்பும் நின்றது. ஒரு மாதத்துக்கு முன், குளிர் இறுகுமுன் பெய்த மழைத்தூறலில் கொட்டில் ஒழுகி, மூட்டைகள் நனைந்து உறைந்திருந்தன. எடை அச்சடித்த மூட்டையை அந்தக் கம்பனியில் யாரும் நிறுப்பதில்லை. எண்ணிப் பெருக்குவதோடு சரி. யாருக்கும் தெரியாமல் அறுபது கிலோ ஏறவிருந்தது. மூன்று மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இருவரும் பறந்தார்கள்.

அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு சாம்பல் நிற மேகம் ஒன்று எதிரே எழுந்தது. கண்ணாடி மங்கியது. செட்டையின் விளிம்பில் மெழுகு வழிந்தாற்போல் ஐஸ் ஏறியது. எஞ்சின் முழு மூச்சோடு முக்கியது. ஆனாலும் விமானம் இறங்கிக்கொண்டே வந்தது.

"அங்கிள், நிமிசத்துக்கு நூற்றைம்பது அடி விழுகுது. பாரம் குறைக்கவேணும். ஜெனரேற்றரைத் தள்ளுங்கோ. ஒரு தள்ளு, வேலை முடிஞ்சுது."

"அதைத் தள்ளிப்போட்டு அங்கை போய் என்னத்தைக் காட்டிறது? மூட்டையை எறியிறன்."

"பின்னுக்கு இருக்கிறதை மட்டும் எறிஞ்சால் மூக்குக் குத்தும். முன்னுக்கு இருக்கிறதை மட்டும் எறிஞ்சால் வால் இருந்திடும். ரெண்டும் சாவுதான்."

"முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. எனக்கு நாலு நிமிசம் தா பிள்ளை."

கௌசிகா உயரம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். ஆயிரத்து இருநூறு அடி. "நாலு நிமிசம். அறுநூறு அடிக்கு வந்தால் ஜெனரேற்றர் போகவேணும். அது என்ரை கட்டளை."

"சரி கப்டன்," என்றார் பரா. அவளை அப்படி அவர் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கதவைத் திறந்தார். காற்று முகத்தில் அறைந்தது. முன்பக்கத்திலிருந்து ஒரு மூட்டையை மார்போடு அணைத்து இழுத்து வெளியே விட்டார். சந்தையில் எண்ணிப் பழகிய வாய் தானாகக் கத்தியது: "லாபம்!"

பின்பக்கம் ஓடினார். "ரெண்டு!"

"எறியிறதிலை என்ன லாபம் அங்கிள்?"

"ஒண்டை லாபம் எண்டுதான் எண்ணுறது. நீ ஓட்டு. மூண்டு!"

தளம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தது. சரிகிற பக்கத்தை வைத்தே அடுத்த மூட்டை எங்கிருந்து போகவேண்டும் என்று அவர் கால் சொல்லிக்கொடுத்தது. ஏழு. எட்டு. தோள்மூட்டில் நெருப்பு எரிந்தது. பத்தாவதில் கால் வழுக்கிக் கதவோரம் விழுந்தார்; கயிறு இழுத்துப் பிடித்தது. எழும்பினார்.

"எழுநூறு," என்றாள் கௌசிகா.

பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றாவதைத் தூக்கியபோது அவள் குரல் வந்தது.

"நில்லுங்கோ. விழேல்லை. அறுநூற்று நாற்பதிலை நிக்குது."

பரா மூட்டையை மடியில் வைத்தபடியே தளத்தில் உட்கார்ந்தார்.

கரடிக்கல் மக்கள் ஏரிப் பனியில் ஊசியிலைக் கிளைகளை இரண்டு வரிசையாக நட்டு இறங்குபாதை காட்டியிருந்தார்கள். முன்கண்ணாடி முழுக்க ஐஸ். கௌசிகா பக்கக் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டி ஓட்டினாள். சக்கரத்துக்குப் பதிலாகப் பூட்டியிருந்த சறுக்குக்கட்டைகள் பனியைத் தொட்டன. ஆனால் நிற்க முடியாது. பனிப் பாரத்தில் ஏரி ஐஸ் கீறி, பனிக்கு அடியில் தண்ணீர் ஊறியிருந்தது. நின்றால் சறுக்குக்கட்டை அப்படியே உறைந்து ஒட்டிவிடும். அவள் ஏரியில் வட்டமடித்துக்கொண்டேயிருந்தாள். ஊரார் பச்சை மரத்தடிகளைச் சுமந்து ஓடிவந்து கிடத்தினார்கள். அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கூடத்தில் விளக்கு எரிந்தது. சூட்டுக்காற்று விசிறியின் இரைச்சல் கேட்டதும் குழந்தையின் தாய் முதல்முறையாகப் போர்வையை விலக்கினாள். யாரோ பராவுக்குச் சூப் கொடுத்தார்கள். விறைத்த விரல்கள் கோப்பையைச் சுற்றி மடங்கவில்லை. கௌசிகா பிடித்துக்கொண்டாள்.

"குடியுங்கோ. இதை எத்தினை கிலோ எண்டு சொல்லமாட்டியளோ?"

"போ பிள்ளை." அவர் சிரித்தார். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அந்தச் சிறுசு தூங்குவதைப் பார்த்தபடி முழுச் சூப்பையும் குடித்தார்.

பராவின் பெயரில் எழுதிய கடனைப் பற்றி அன்றிரவு கௌசிகாதான் விக்டரிடம் சொன்னாள். விக்டர் தலையை ஆட்டினார். மறுநாள் முதல் ஊர் முழுவதும் ஏரி ஐஸில் துளை போட்டு மீனுக்கு வலை விட்டது.

ஆறு வாரத்தில் பனிப்பாதை திறந்தது. லொறியில் கொண்டுவந்த மீனை விற்ற காசோடு விக்டர் கம்பனிக்கு வந்தார். அதற்குள் கம்பனிக் கொட்டிலில் ஒரு புது விதி நடைமுறைக்கு வந்திருந்தது: எந்த மூட்டையும் நிறுக்காமல் ஏறக்கூடாது, பரா கையெழுத்து வைக்காமல் விமானம் கிளம்பக்கூடாது. கடதாசியில் உள்ள எடையைவிடச் சுமக்கிறவனைக் கேட்பது நல்லது என்று அருமைநாயகமே இப்போது மற்றவர்களுக்குச் சொல்லித்திரிகிறார்.

அவர் நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். "சரியாக் கிடக்கு. எறிஞ்ச மா பன்ரண்டு மூட்டைக்கு ஆர் காசு?"

விக்டர் சிரித்தார். பனிவண்டியில் போய்த் தேடி ஒன்பதை எடுத்துவிட்டோம், மிச்சம் மூன்றும் காகங்களின் பங்கு, அதற்கும் சேர்த்து மா வாங்கும்போதே காசு கட்டியாயிற்று என்றார்.

அருமைநாயகம் இழுப்பறையைத் திறந்து பராவின் கடதாசியை எடுத்தார். பதினோராயிரத்து நானூற்று அறுபது என்ற எண்ணின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே 'தீர்ந்தது' என்று எழுதி, தராசடியில் நின்ற பராவிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.