சிவப்புச் சட்டைப் புழு

"நம்ம வீட்டுப் புழு ஒண்ணு சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு சுவர்ல உலா போகுது!" என்றாள் வாலு. அவளுக்கு வேறு பெயர் இருந்தது. வீட்டில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

அண்ணன் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. "பொத்தான் இருக்கா?"

"வந்து பாருண்ணா!"

"நேத்து பல்லி உனக்கு வணக்கம் சொல்லுச்சு. இன்னைக்குப் புழுவா? போடி!"

வாலு அளந்து விடுகிறவள்தான். ஆனால் இந்தமுறை ஒரு நூல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அரிசி நீளப் புழு. உடம்பைச் சுற்றிச் சிவப்பு உறை. எந்த ராஜாவுக்கும் அவ்வளவு கச்சிதமாகத் தைத்திருக்க மாட்டார்கள்! தலையை மட்டும் நீட்டி, சட்டையோடு இழுத்து இழுத்து நகர்ந்தது.

அதைக் காகிதத்தில் ஏந்தி, தையல் மெஷினில் இருந்த அப்பாவிடம் போனாள். அப்பா சிரித்துக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்தார். சிரிப்பு நின்றது.

"இது எந்தத் துணியைத் தின்னுதோ, அந்த நூல்லயே உறை கட்டிக்கும். இந்தச் சிவப்பு..."

அவர் முடிக்கவில்லை. வீட்டில் சிவப்புக் கம்பளி ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் சால்வை. அம்மா இறந்ததிலிருந்து கட்டிலுக்கடியில், மூடி வளைந்த பெட்டியில் இருக்கிறது. திறந்தால் அம்மா வாசனை போய்விடும் என்று அப்பா யாரையும் தொட விட்டதில்லை.

"திறக்கலாம்பா."

"வேண்டாம் கண்ணு."

"நாம தொடாம வச்சோம். இதுங்க போட்டுக்கிட்டுத் திரியுதுப்பா. அம்மா சால்வையை நாம போட்டுக்கக் கூடாதா?"

அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து பெட்டியை இழுத்தார்.

ஒரு மூலை சல்லடையாகியிருந்தது. மடிப்புக்குள் சிவப்புச் சட்டை போட்ட ஊர்வலமே நடந்தது! மற்ற பாகம் தப்பியிருந்தது.

வாலு வெயிலில் உதறினாள். அண்ணன் ஒவ்வொரு மடிப்பாகப் பிரஷ்ஷால் தேய்த்தான். புழு அரித்த மூலையை அப்பா வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தார். தையல் நேராக ஓடியது.

"இனிமே பெட்டி வேண்டாம். முறை போட்டுப் போத்திக்குங்க," என்று சால்வையை வாலுவின் தோளில் போட்டார்.

அண்ணன் முறை வந்தது. மடிப்பில் முகம் புதைத்து அசையாமல் நின்றான். வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது.

"வாலு," என்றான் மெதுவாக. "அது சட்டைதான் போட்டிருந்துச்சு. பொத்தான் மட்டும்தான் இல்ல."