கேட்பாரற்ற சவுரி

உலகத்தில் அழியாதவை மூன்று. உண்மை, தியாகம், காதல். பேரரசுகள் மண்ணாகும், மலைகள் தேயும், கடல்கள் வற்றும். இந்த மூன்று மட்டும் நிலைத்து நிற்கும். தலைமுடி இந்தப் பட்டியலில் இல்லை.

கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையான நேசம்மாளுக்கு இது நன்றாகத் தெரியும். தினமும் காலையில் சீப்பைப் பார்த்தால் போதும். கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்தாயிற்று. செம்பருத்தி அரைத்துப் போட்டாயிற்று. சின்ன வெங்காயத்தை உச்சியில் தேய்த்துவிட்டுப் பள்ளிக்குப் போன அன்று, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், இன்னைக்கு உங்க வீட்ல சாம்பாரா?" என்று அன்போடு விசாரித்தும் ஆயிற்று. போன முடி போனதுதான். மிஞ்சியதை முடிந்தால் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கொண்டை வரும். அதன் மேல் பொய்முடியான சவுரியைச் சுற்றி, பதினோரு ஊசி குத்தி... ஊரே மெச்சிய கொண்டை அதுதான். பதினான்கு வருடமாக அந்த ரகசியம் நேசம்மாளுக்கும் அவள் வீட்டுக் கண்ணாடிக்கும் மட்டுமே தெரியும்.

கண்டிப்புக்குப் பேர்போனவள். மாணவியின் ரிப்பன் ஒரு விரல் அகலத்தைத் தாண்டினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். "உள்ளது உள்ளபடி இருக்கணும், ஏட்டி!" என்று காலைக் கூட்டத்தில் தவறாமல் முழங்குவாள். முழங்கும்போது ஒரு கை தானாகப் பின்னந்தலைக்குப் போய், ஊசிகளைச் சரிபார்த்துவிட்டு வரும்.

சனிக்கிழமைதோறும் விளாத்திகுளத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போவாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் அப்படித்தான் போனாள். கதைகளில் முதல் சந்திப்பு என்றால் மழை பெய்யும். கரிசல் காட்டில் ஆடி மாதம் அந்த வசதி கிடையாது. காற்று மட்டும் உண்டு. ஆளைத் தூக்கும் காற்று.

எட்டயபுரம் தாண்டி, இன்ஜின் கொதித்துப் பஸ் நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். நேசம்மாளும் இறங்கினாள். காற்று முதலில் முந்தானையை இழுத்தது. அவள் முந்தானையைப் பிடித்தாள். அதற்குள் கொண்டை போய்விட்டது.

சட்டென்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. சவுரி மட்டும் உழுது போட்ட கரிசலில் உருண்டு உருண்டு போய்க்கொண்டிருந்தது.

"ஏலே, கீரிப்பிள்ள ஓடுதுலே!"

"கீரியில்லவே... பாம்பு! அடியும்வே அத!" கண்டக்டர் செல்லத்துரை கல்லை எடுத்துவிட்டான்.

"கல்லக் கீழ போடும்வே!" என்று கத்திக்கொண்டு ஒருவர் ஓடினார். வெள்ளைக் கோட்டு. தலையில் துரைமார் போடும் சோலா தொப்பி. காற்றுக்கு அசையாதபடி தாடையில் வார் கட்டியிருந்தது. பெயர் வேதமாணிக்கம். ஜின்னிங் பாக்டரி பாக்டரியாகப் போய்ப் பஞ்சுக்குத் தரம் சொல்வது அவர் தொழில். ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கட்டை விரலுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுத்தால், இழை நீளத்தை அங்குலக் கணக்கில் சொல்லிவிடுவார். மனைவி இறந்த பிறகு விளாத்திகுளத்தில் மகள் வீட்டில் இருந்தார்.

எடுத்தவர் சும்மா கொண்டுவந்திருக்கலாம். தொழில் விடவில்லை. இருபது முப்பது பேர் நடுவே நின்று, சவுரியில் ஒரு கொத்தைப் பிடித்து, இரண்டு கட்டை விரலுக்கும் இடையில் இழுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நீளம் அருமை... பளபளப்பும் தேவல. ஆனா ரெண்டு ரகத்தக் கலந்துட்டான் களவாணிப்பய. ஒண்ணு நல்ல கருப்பு. ஒண்ணு செம்பட்ட."

பஸ்ஸுக்குள் முக்காட்டுக்குக் கீழே நேசம்மாளின் காதுகள் கொதித்தன. ரேடியேட்டர் தேவலை.

"யாரோடதும்மா இது?" என்றான் செல்லத்துரை. பெண்கள் ஆளாளுக்குத் தங்கள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நேசம்மாள் ஜன்னல் வழியே தொடுவானத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, உரியவிய எறங்கும்போது எடுத்துக்கிடுங்க" என்று சொல்லி, டிரைவர் கண்ணாடிக்குப் பக்கத்துக் கொக்கியில் அதைத் தொங்கவிட்டான் செல்லத்துரை. விளாத்திகுளம் வரை அது அவள் கண் முன்னாலேயே ஆடிக்கொண்டு வந்தது... இடம், வலம், இடம், வலம்.

ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கியபோது முக்காடு லேசாக விலகியது. நெற்றியோரத்தில் நாலு செம்பட்டை முடி. ஆண்கள் பக்கத்திலிருந்து வேதமாணிக்கம் அதைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். நேசம்மாளின் கண்கள் உண்மையிலேயே அழகானவை... இறங்காத மழையைச் சுமந்த மேகம் மாதிரி, கருத்துக் கனத்த கண்கள். அந்த நிமிஷம் அவற்றில் கொலைவெறி இருந்தது.

விளாத்திகுளத்தில் எல்லோரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்து, பஞ்சு சாம்பிள் மடிக்கும் நீலக் காகிதத்தில் ஒரு பொட்டலத்தோடு அவர் வந்தார்.

"டீச்சரம்மா... இந்தாங்க."

"என்னது?"

"சாம்பிள்."

"எனக்கெதுக்கு? நான் என்ன ஜின்னிங் பாக்டரியா நடத்துதேன்?"

"இல்ல... உங்களுதோன்னு..."

"என்னுது இல்ல அண்ணாச்சி."

"நிச்சயமாவா?"

"பொய் சொல்லுத பழக்கம் எங்கிட்டக் கெடையாது."

"சரி. உரியவிய வந்து கேக்குத வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."

போய்விட்டார். தொப்பியோடு, பொட்டலத்தோடு.

அடுத்த ஆறு சனிக்கிழமையும் அதே பஸ். ஒரு வாரம் தவிர, அதே மனிதர். நேசம்மாள் வீட்டில் கிடந்த பழைய சின்னச் சவுரியை வைத்துச் சமாளித்தாள். "டீச்சர் கொண்ட எளச்சிப் போச்சு" என்று பள்ளியில் பேச்சு கிளம்பியது. பொட்டலத்தைக் கேட்டு வாங்கிவிடலாம்தான். கேட்டால் இருபத்தெட்டு வருட மரியாதை போய்விடும். கேட்காமல் விட்டால்... என்ன போகும் என்று யோசிக்க அவள் தயாராக இல்லை.

"இன்னும் யாரும் வந்து கேக்கல, டீச்சரம்மா" என்பார் அவர், பையைத் தட்டி.

"வராட்டி ஆத்துல விட்டெறிங்க."

"நல்ல இழை. மனசு வரமாட்டேங்குது."

அவள் பக்கத்து ஜன்னலில் காற்று ஏறினால், கேட்காமலேயே எழுந்து வந்து படுதாவை இறக்கிவிடுவார். "புழுங்குது!" என்று அவள் எரிந்து விழுவாள். படுதாவைத் திரும்பச் சுருட்டமாட்டாள். அவளுக்கு எரிச்சல் மூட்டியது இன்னொன்றும் உண்டு. வேர்த்துக் கொட்டினாலும் அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றுவதில்லை. பஸ்ஸுக்குள்ளேகூட. கவர்னர் என்று நினைப்பு!

நாலாம் சனிக்கிழமை அவர் வரவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் நேசம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்க்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஐந்தாம் வாரம் வந்தார்.

"போன வாரம் காணோம்?"

"தேடுனீங்களா?"

"நான் எதுக்குத் தேடுதேன்? சீட்டு காலியாக் கெடந்துச்சு. பைய வச்சுக்கிட்டேன்."

"பை சௌரியமா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் வெடுக்கென்று. அப்புறம் விளாத்திகுளம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி, யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டு வந்தாள். கிழவிக்கு வந்த வாழ்வு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆவணிக் கடைசி ஞாயிறு. விளாத்திகுளம் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் மாதர் சங்க ஆண்டுவிழா. சிறப்புச் சொற்பொழிவு: நேசம்மாள். தலைப்பு: 'பெண்களும் பொய்யலங்காரமும்'. தலைப்பைக் கொடுத்தது அவளேதான். ஆடிக்கு முன்பே கொடுத்துவிட்டாள்.

தேவாலயத்துக்குள் பெண்கள் முக்காடு போட வேண்டும். ஆண்கள் தலையில் எதுவும் இருக்கக் கூடாது. அதனாலேயே வாரத்தில் நேசம்மாள் நிம்மதியாக மூச்சு விடும் நாள் ஞாயிறு. அன்று ஆண்கள் பக்கத்தை ஓரக்கண்ணால் வரிசை வரிசையாகத் துழாவினாள். அவரைக் காணோம். பிறகு பார்த்தால், பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றபடி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது ஒரு சோலா தொப்பி.

"அது யாரு வெளிய?" என்றாள், தெரியாதவள் போல.

"வேதமாணிக்கம் சார்" என்று சங்கச் செயலாளரம்மா உருகினார். "மூணு வருஷமா கோயிலுக்குள்ள வரமாட்டாவ. நான் பாவி, உள்ள வரத் தகுதியில்லன்னு அங்கனயே நிப்பாவ. மனத்தாழ்மைன்னா அவியகிட்டப் படிக்கணும். போதகரே பிரசங்கத்துல எடுத்துச் சொல்லியிருக்காரு."

நேசம்மாள் தொப்பியைப் பார்த்தாள். தாடையில் இறுகக் கட்டியிருந்த வாரைப் பார்த்தாள். பதினான்கு வருடம் சவுரி வைத்தவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

'அடப் பாவி மனுஷா... நீருமா?'

பேச எழுந்தாள். ரிப்பனைத் தாண்டினாள். பவுடரைத் தாண்டினாள். மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். 'இல்லாததை இருப்பதாகக் காட்டும் பொய்க் கூந்தலை...' என்று தன் கையெழுத்திலேயே முத்து முத்தாக எழுதியிருந்தது. நிமிர்ந்தாள். ஜன்னலில் அவர். சிரித்திருந்தால்கூட அவளுக்குக் கோபம் வந்து தப்பித்திருப்பாள். அவர் சிரிக்கவில்லை. அவள் சங்கடப்படுவதைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்... இந்த வயதில், தனக்காக ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது... மூன்றாம் பக்கத்தை மடித்து, "மற்றதை நீங்களே அறிவீர்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சுருக்கமான சொற்பொழிவை அந்தச் சங்கம் கேட்டதில்லை. கைத்தட்டல் பலமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும், அவர் ஒதுங்கி நின்ற வேப்பமரத்தடிக்கு நேரே போனாள்.

"மனத்தாழ்மையாம்ல, அண்ணாச்சி?"

"நான் சொல்லல டீச்சரம்மா. அவியளா நெனச்சுக்கிட்டாவ. மறுக்கணும்னா தொப்பியக் கழட்டணும்."

"கழட்டுங்க."

"இங்கனயா?"

"இங்கனதான்."

"காத்து அடிக்கி..."

"எல அசையல, அண்ணாச்சி."

அவர் விரல்கள் வாரோடு வெகுநேரம் போராடின. தொப்பி வந்தது. இடது காதுக்கு மேலிருந்து புறப்பட்ட ஒரு கற்றை, உச்சியைக் கடந்து நெடும்பயணம் செய்து வலது காதைத் தொட்டிருந்தது. இடையில் இருந்த வெட்டவெளிக்கு விளக்குக் கரி பூசியிருந்தார். கரி வேர்வையில் கரைந்து கன்னம் வரை இறங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்பவர் போல நின்றார்.

நேசம்மாள் கிட்டே போனாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"நீளம் அருமை. வெளச்சல்தான் கம்மி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். சிரித்து முடித்தவள், அவர் பையைக் கைகாட்டினாள்.

"அந்தப் பொட்டலத்த ஏன் இத்தன வாரமா செமந்துக்கிட்டு அலையுதீங்க?"

"நீங்க கேப்பீங்கன்னுதான். நீங்க உங்களுதுன்னு சொல்லிட்டா... நானும் தொப்பியக் கழட்டிறலாம்னு இருந்தேன். ஒத்தையில கழட்டத் தைரியம் இல்ல. கழட்டாம... ஒங்ககிட்ட வேற எதையும் கேக்கவும் வாய் வரல."

"வேற என்னத்தக் கேப்பீங்க?"

அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "நீங்க மொதல்ல கேளுங்க."

அவள் கையை நீட்டினாள். "குடுங்க."

"எத?"

"அதத்தான்."

"யாரோடதுன்னு சொல்லலியே..."

பின்னால் செருப்புச் சத்தம். நன்றி சொல்லக் காபித் தம்ளரோடு செயலாளரம்மாவும், அவருக்குப் பின்னால் மாதர் சங்கம் முக்கால்வாசியும் வந்து நின்றார்கள். நேசம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தால் மரியாதை தப்பிக்கும். பஸ் சாயங்காலம் நாலரைக்கு. அடுத்த சனிக்கிழமை அந்தச் சீட்டில் பை வைத்துக்கொள்ளலாம்.

"என்னுது" என்றாள். காலைக் கூட்டத்தில் பேசும் அதே குரல். கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல். "அந்தச் சவுரி என்னுது. பஸ்ல பறந்து போச்சு. குடுங்க அண்ணாச்சி."

செயலாளரம்மாவின் தம்ளரில் காபி தளும்பியது.

வேதமாணிக்கம் நீலப் பொட்டலத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். "டீச்சரம்மா... அந்த அண்ணாச்சிய மட்டும் இனிமே விட்டுருங்களேன்."

"சரிங்க" என்றாள் நேசம்மாள், தலையைக் குனிந்துகொண்டு. அதற்குப் பின்னால் எந்த முறைப்பேரும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வேதமாணிக்கம் வெறுந்தலையோடு தேவாலயத்துக்குள் வந்தார். ஒரு தாழ்மையுள்ள மனிதரை இழந்துவிட்டதில் சபைக்குக் கொஞ்சம் வருத்தம். கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு சபையில் வாசிக்க வேண்டுமே. அதை எழுதப் போதகர் பதிவேட்டை விரித்தார்.

"மாப்பிள்ளைக்கு வயசு?"

"நாப்பத்தஞ்சு" என்றார் வேதமாணிக்கம்.

"பெண்ணுக்கு?"

"முப்பத்தொம்பது" என்றாள் நேசம்மாள்.

போதகர் எழுதிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்து நின்ற மாப்பிள்ளையின் மகள் ஜெயகுமாரிக்கு முப்பத்து மூன்று வயது.