முதுகு காட்டி நின்ற ஐவர்

நேற்று வரை அந்தக் கன்னம் அங்கே இல்லை.

ஜுபைதா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓவியத்தின் அருகே போனாள். பெயர் தெரியாத தீவொன்றின் கரையில் ஐந்து மாலுமிகள் முதுகைக் காட்டி நிற்க, அவர்களைக் கைவிட்ட கப்பல் தொலைவில் புகையாய்த் தேய்ந்துகொண்டிருந்தது. மதராஸ் பதிப்பாளர் ஒருவர் தமிழில் கொண்டுவரவிருந்த வெள்ளைக்காரக் கடற்கதைக்காக அவள் கணவர் நூர் பாஷா எண்ணெய்ச் சாயத்தில் தீட்டியது. தொழுகிற வீட்டில் முகங்கள் கூடாது என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். அதனால்தான் ஐந்தும் முதுகுகள். இப்போது கன்னம் எட்டிப்பார்க்கும் மூன்றாவது முதுகு அவள் தம்பி தஸ்தகீருடையது. அவனைக் கொல்லையில் நிற்கவைத்துத்தான் வரைந்தார்.

"இந்தாங்க, தம்பி மொகத்த நீங்க திருத்துனீங்களா?"

"நான் அதத் தொட்டே வருசமாச்சு. சாயம் காஞ்சா அப்படி இப்படித்தான் தெரியும்." ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிய நூர் பாஷா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சண்டையால கெடைக்காம இருந்த காகிதம் பதிப்பாளருக்கு இப்பக் கெடச்சிருச்சாம். படத்த நாளைக்குப் பொம்மிடியில ரயிலேத்தணும். உந்தம்பி இப்பவாச்சும் ஒரு வேலைக்கு ஆவட்டும்."

அவள் சிரிக்கவில்லை. போன வருஷம் இதே குத்தலைத்தான் அவளும் சொன்னாள். சோற்றில் கை வைத்திருந்தவனைப் பார்த்து, "எத்தன நாளுக்குடா அக்கா வூட்டுச் சோத்தயே தின்னுட்டிருப்ப?" என்றாள். கைகூடக் கழுவாமல் எழுந்து போனவன் ரங்கூனுக்குக் கப்பலேறியதாகச் சேதி வந்தது. பிறகு அங்கே குண்டு விழுந்தது. காடும் மலையும் நடந்து தப்பியவர்கள் ஒருவர் இருவராக ஊர் திரும்பினார்கள். அவன் வரவில்லை.

கதவைத் தாழிட்டு ஓவியத்தின் முன் உட்கார்ந்தாள். முழுசாகத் திரும்பட்டும். உயிரோடு இருக்கிறானா, அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும். எந்த முகம் கூடாதென்றாளோ, அதற்காகவே காத்திருந்தாள்.

உச்சிவெயில் ஓட்டின் இடுக்கு வழியே இறங்கித் தரையில் காசு காசாகக் கிடந்தது. எப்போதோ காய்ந்துபோன படத்திலிருந்து ஆளிவிதை எண்ணெய் நேற்றுப் பூசியதுபோல மணத்தது. அதன் அடியில் உப்பும் அழுகலுமாக வேறொரு வாடை. கூடவே நறநறவென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கேழ்வரகு திரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பாஞ்சாலி காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு அதியமான்கோட்டைக்குப் போனது பிறகுதான் நினைவு வந்தது.

சத்தம் படத்திலிருந்து வந்தது.

மூக்கின் நுனி தெரிந்தது. பிறகு ஒரு கண்.

"தம்பி…"

திரும்பினான்.

தஸ்தகீர்தான். எலும்பில் ஒட்டிய தோல். இருக்கிறவனா, இறந்தவனா, அந்தக் கண்ணை வைத்துச் சொல்ல முடியவில்லை. கன்னம் மட்டும் உப்பியிருந்தது. தாடை அசைந்தது.

நற. நற.

கடைவாயில் மணல் வழிந்தது.

"துப்புடா… துப்பிருடா சாமி. வூட்டுல சோறு இருக்குடா."

அவன் துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. ஒருமுறை. இன்னொருமுறை.

குனிந்தான்.

அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமல், கரையிலிருந்து அடுத்த பிடியை அள்ளி வாயில் திணித்துக்கொண்டான்.