பார்வையில் உள்ள வீடு

சமையலறையில் மாட்டியிருந்த கேமராக் கண் காட்டியபடி, தண்ணீர் அடுப்புமேடைக்கு ஒரு சாண் கீழே நின்றது. மேடைமேல் கிளமென்ட் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பைக் விபத்தில் நொறுங்கிய வலது காலில், எலும்பைச் சேர்த்துப் பிடித்த கம்பிக்கூடு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலை ஊன்றக் கூடாது, நனைக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஏட்டி, இருக்கியா?"

"இங்கனதாங்க இருக்கேன்" என்றாள் அவன் மனைவி ஜெசிந்தா.

அவள் இருந்தது மன்னார் வளைகுடாவுக்குள், காற்றாலைகளுக்கு நடுவே கால் ஊன்றி நின்ற இரும்பு மேடையில். காற்றாலைகளின் மின்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புயல் அடங்கும்வரை அங்கே படகும் வராது, ஹெலிகாப்டரும் வராது. தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய அவர்கள் தெருவில் மற்றவர்கள் எல்லாரும் முந்தின நாளே முகாமுக்குப் போய்விட்டார்கள். கிளமென்டைத் தூக்கிப்போக ஆம்புலன்ஸ் வரும் என்று சொன்னார்கள். அதற்கு முன் தண்ணீர் வந்துவிட்டது.

மின்சாரம் போயிருந்தது. அவன் கைபேசி கூடத்தில் எங்கோ மூழ்கிக் கிடந்தது. ஆனால் செயற்கைக்கோள் வழி வரும் இணையமான விண்வலை போகவில்லை. போன விடுமுறையில் ஜெசிந்தாதான் மொட்டைமாடியில் ஏறி, தண்ணீர்த்தொட்டி மறைக்காத பக்கமாக அதன் வான்தட்டைத் திருப்பி வைத்து, தனி மின்கலம் பூட்டி, வீட்டுக்கண்களை மாட்டினாள். ஒவ்வொரு கண்ணுக்கும் கூர்மையான காதும் வாயும் உண்டு. வாசல் கண்ணின் வாய், திருடனைக் கண்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி அலறும். எந்தக் கடலில் இருந்தாலும் வீட்டைப் பார்க்கலாம், வீட்டோடு பேசலாம். ஊரில் பாதிப் பேர் பிழைப்புக்கு வெளியூர் போனவர்கள் என்பதால், வான்தட்டு இல்லாத கூரையே அநேகமாக இல்லை.

காலையிலிருந்து அவள் திரையை விட்டு நகரவில்லை. ஒரு காதில் வீட்டுச் சத்தம், இன்னொரு காதில் மீட்பு மையத்தின் தொலைபேசி. அங்கே பேசியவர் தணிகைவேல் என்ற தன்னார்வலர். வேலூர்ப் பக்கம். பேசிப் பேசிக் களைத்த குரல்.

"படகு எப்பங்க வரும்? தண்ணி அடுப்புமேடையைத் தொடப்போகுது."

"உங்க வீடு இன்னும் பச்சையிலதான் இருக்குது மேடம்."

"பச்சைன்னா?"

அவர் தயங்கினார். "பார்வையில உள்ள வீடுன்னு அர்த்தம். இப்போல்லாம் படகை அனுப்புறது நாங்க இல்ல மேடம், யாருக்கு முதல்லன்னு வரிசை போடுற கம்ப்யூட்டர், வரிசைமூளைதான். எந்தக் கூரையில வான்தட்டு பேசுது, எந்த வீட்டுக் கண்ணை யார் பாத்துக்கினு இருக்காங்கன்னு எல்லாம் மேலேர்ந்தே அதுக்குத் தெரியும். போன வெள்ளங்கள்ல, ஆள் பாத்துக்கினு இருந்த வீட்ல சாவு கம்மியா இருந்துச்சாம். அதை அதுவாவே கத்துக்கிச்சு. அதனால கண்ணு அணைஞ்ச வீட்டுக்குத்தான் முதல் படகு."

"நான் பாத்துட்டு இருக்கதனாலயா படகு வரல?"

"கால் உடைஞ்சவருன்னு பதிஞ்சேன் மேடம். அதுல உங்க வீடு மேல ஏறுச்சு. நீங்க கண்ணெடுக்காம பாக்குறீங்களா, அதுல திரும்பக் கீழ எறங்கிடுச்சு."

ஜெசிந்தா சட்டென்று திரையைக் கவிழ்த்துப் போட்டாள். "இப்ப?" என்றாள்.

"இப்ப மஞ்சள். வான்தட்டு பேசுது, ஆள் பாக்கலன்னு காட்டுது. மஞ்சள்ல நிறைய பேர் இருக்காங்க மேடம். வான்தட்டே அணைஞ்சாதான் செவப்பு." குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு வெளிய தெரியக் கூடாது."

அவள் திரையை நிமிர்த்தினாள். தண்ணீர் அடுப்புமேடையில் ஏறியிருந்தது. கிளமென்ட் எழுந்து ஒற்றைக்காலில் நின்று, பரண் கம்பியை இரண்டு கையாலும் பற்றியிருந்தான். பாத்திரங்கள் கூடத்துப் பக்கம் மிதந்துபோய்க்கொண்டிருந்தன.

"ஏங்க, ஒண்ணு சொல்லுதேன். பயப்படக் கூடாது. நான் வான்தட்டை அணைக்கப் போறேன்."

ஏன் என்று விளக்கினாள்.

"மறுபடி போட முடியுமா?"

முடியாது. களவுபோன கைபேசியை வைத்து எவனும் வீட்டைத் திறந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, ஒருமுறை அணைத்த வான்தட்டை அதன் அடியில் உள்ள பொத்தானைக் கையால் அழுத்தித்தான் உயிர்ப்பிக்க முடியும். வாங்கும்போது ஜெசிந்தாவே விரும்பித் தேர்ந்தெடுத்த பூட்டு அது.

"மாடிக்குப் போயி அமுக்கணும்" என்றாள்.

"அப்ப வேண்டாம் ஜெசி. நீ பேசிக்கிட்டே இரு. உன் சத்தம் கேட்டா நான் எம்புட்டு நேரமானாலும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

விடிந்ததிலிருந்து தெருவைப் பார்த்துக் கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது. வீட்டுக்கண்ணின் காது கூர்மையானது என்பதால்தான் அந்தக் கிசுகிசுப்பு அவளுக்குக் கேட்டது.

"நான் பேசிக்கிட்டே இருந்தா படகு வராதுங்க! நான் பாக்கப் பாக்க உங்களைப் பின்னால தள்ளுதாவ. புரியுதா?"

அவன் மேலே, கண் இருந்த மூலையைப் பார்த்தான். அவளையே நேராகப் பார்ப்பது போலிருந்தது.

"சரிட்டி. உனக்குச் சரின்னு பட்டா செய்."

"படகு வந்துரும். கம்பியை விட்டுராதீங்க. விடவே கூடாது, என்ன?"

அவன் தலையாட்டினான். அவள் அணைத்தாள். திரையில் 'இவ்வீட்டுடன் தொடர்பு இல்லை' என்ற வரி மட்டும் நின்றது.

சற்று நேரத்தில் தணிகைவேல் அழைத்தார். "செவப்புக்கு வந்துடுச்சு மேடம்! படகு ஒண்ணு உங்க தெருப் பக்கம் திரும்பியிருக்கு."

ஜெசிந்தா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். பக்கத்து இருக்கையிலிருந்து செல்வின் ஓடிவந்தான். அதே மேடையில் வேலை பார்ப்பவன், அதே ஊர்க்காரன். அவன் திரையில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் மாடியறைக் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எப்படிக்கா படகு கிடைச்சுது? நானும் காலைல இருந்து கேக்கேன்."

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவன். நடந்ததைச் சொன்னாள்.

"உங்க அப்பா அம்மா மாடிலதானலே இருக்காவ, உனக்கு வேண்டாம்" என்றும் சொன்னாள்.

"மாடிக்கும் தண்ணி ஏறிட்டுன்னா?" என்றான் செல்வின். அணைத்துவிட்டான். அதோடு நிற்காமல், துபாயில் இருந்த அக்காவுக்கும் செய்தி அனுப்பினான். அவள் பதறிப்போய் ஊர்க் குழுவில் போட்டாள். சிங்கப்பூரில், சவூதியில், சென்னையில், கப்பல்களில், திரையைப் பார்த்தபடி செய்வதறியாமல் இருந்த பிள்ளைகளும் மனைவிகளும் கணவர்களும் அதைப் படித்தார்கள்.

தணிகைவேல் மறுபடி அழைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க மேடம். ஊர் மொத்தமும் அணைச்சிடுச்சு. படம் முழுக்கச் செவப்பு. வரிசைமூளை எல்லாப் படகையும் நிறுத்திட்டு, மொதல்லேர்ந்து கணக்குப் போடுது."

"எங்க வீட்டுக்கு வந்த படகு?"

"அதுவும்தான்."

செல்வின் பக்கம் திரும்பவே ஜெசிந்தாவுக்குப் பயமாக இருந்தது.

"பதறாதீங்க" என்றார் தணிகைவேல். "படகு ஓட்டுறவங்க மீன்பிடிக்கிற ஆளுங்க. எவ்ளோ நேரம் சும்மா நிப்பாங்க? கருவியை மூடி வெச்சிட்டு, தெருத்தெருவா கூப்பிட்டுக்கினே போறாங்களாம். பதில் குரல் வர்ற வீட்ல எல்லாம் நிறுத்தி ஏத்துறாங்க."

"பதில் குரல்" என்று ஜெசிந்தா திருப்பிச் சொன்னாள்.

கைபேசியைப் பிடுங்குவதுபோல் எடுத்தாள். வாசல் கண்ணின் வாய் மட்டும் போதும், ஒரு நிமிடம் அலறினால் போதும். திறக்கும் பொத்தானை அழுத்தினாள். 'வான்தட்டின் அடியில் உள்ள பொத்தானை நேரில் அழுத்தவும்' என்றது திரை. மறுபடி அழுத்தினாள். கடவுச்சொல்லைப் போட்டாள், கட்டைவிரலை வைத்தாள், வாடிக்கையாளர் எண்ணை அடித்தாள். அதே வரிதான் வந்தது. "இந்தா இருக்காரு! இங்கன இருக்காரு!" என்று அவள் கத்தினாள். அந்தக் குரல் இரும்பு அறையைத் தாண்டவில்லை. செல்வின் அவள் கையைப் பிடித்துக் கைபேசியை மெதுவாக வாங்கினான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

அன்று படகுகள் முதலில் ஏற்றியவர்களில் செல்வினின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நனையாத மாடியில் நின்று நன்றாகச் சத்தம் போட்டிருக்கிறார்கள். கிளமென்டை மறுநாள் காலையில், தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம். உயிர் இருந்தது. சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய காலை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை.

புயல் ஓய்ந்து ஜெசிந்தா வந்து சேர்ந்தபோது அவன் மருத்துவமனையில் விழித்துத்தான் இருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் அவன் முகத்தின் அருகே குனிந்தாள். அவனுக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. காதை உதட்டோடு ஒட்டிவைத்தால்தான் கேட்டது.

"படகு ரெண்டு தடவை வந்துது ஜெசி. வாசல் வரைக்கும். 'உள்ள யாரும் இருக்கீயளா'ன்னு கேட்டாவ. எனக்குத் தொண்டைல காத்துதான் வந்துது. கம்பியில இருந்து கையை எடுக்கவும் பயம்."

"பேசாதீங்க" என்றாள்.

"நீ அணைச்சது எனக்கு மறந்துபோச்சுட்டி. குளிருல புத்தி நிலைக்கல." அவன் அவளைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொன்னான். "நீ மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கன்னு நெனச்சேன். அவுகளுக்கு நீ குரல் குடுப்பன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."