ஏப் ஃபேரின் முடிச்சு

வில்லோ பெண்ட் சிறுவர் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஒரு விசித்திர வியாதி இருந்தது. ஆட்டத்தின் முதல் பகுதியில் புலியாய்ப் பாய்வார்கள். கடைசியான மூன்றாம் பகுதியில் தவழ்வார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள்.

கோச் இலேன் அது மூச்சுப் பிரச்சினை என்று முடிவுகட்டி, பிள்ளைகளைப் பனியில் ஓடவிட்டார். கேன்டீன்காரர் உருளைக்கிழங்கு வறுவலுக்கு இன்னும் கொஞ்சம் கிரேவி ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அணியில் ஆடும் மார்னியின் அப்பா ஏப் ஃபேர் போடும் லேஸ் முடிச்சை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

ஏப் ஃபேர் கோதுமைக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். அவருக்கு மண்வெட்டி போல அகன்ற கைகள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் உடை மாற்றும் அறையில் அவர் மண்டியிடுவார். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். ஸ்கேட் என்ற சறுக்குக் காலணியை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து லேஸை அவர் இழுத்தால், பிள்ளையும் சேர்ந்து பெஞ்சிலிருந்து நகரும்.

"இறுக்கமா இருக்கா?" என்று கேட்பார். "இருக்கு" என்று பதில் வந்ததும் அடுத்த காலைப் பிடிப்பார். ஆட்டம் முடிந்த பிறகு அந்த முடிச்சை அவிழ்க்கவும் அவரேதான் வரவேண்டும்.

சின்ன வயதில் லேஸ் தளர்ந்து விழுந்து கணுக்கால் முறிந்தவர் அவர். வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதில் வைராக்கியமாக இருந்தார்.

எல்லோருக்கும் கால் வலித்தது. ஆனால் தனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். வாயைத் திறந்தால், "பாப்பாவுக்குக் கால் வலிக்குதாம்" என்று அணியின் வாயாடி ரோரி கிண்டல் செய்தே கொன்றுவிடுவான். மார்னி வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. லேஸ் கட்டும்போதுதான் அப்பாவின் முகம் அவ்வளவு மலர்ந்திருக்கும்.

அன்று ஹார்ட்விக் ஊருடன் ஆட்டம். தோற்றால் அந்தப் பருவம் அதோடு முடிந்தது. அடுத்த குளிர்காலம் வரை ஸ்கேட்டுகள் ஆணியில் தொங்க வேண்டியதுதான்.

இரண்டாம் பகுதியில் இரு அணிகளும் சமமாக இருந்தன. ஒரு ஹார்ட்விக் பையன் சறுக்கி விழுந்தபோது, அவன் ஸ்கேட்டின் கத்தி மார்னியின் இடது காலில் உரசிச் சென்றது. மேல் பக்க லேஸ் பட்டென்று அறுந்தது. கணுக்கால் போச்சு என்று மார்னி பயந்தாள்.

ஆனால் நடந்தது வேறு. கொஞ்ச நேரத்தில் இடது காலில் வலியைக் காணவில்லை. முழங்காலை நன்றாக மடக்க முடிந்தது. நினைத்த பக்கம் திரும்ப முடிந்தது. வலது கால் மட்டும் வழக்கம்போல மரக்கட்டையாகவே இருந்தது. ஒரே ஆளின் இரண்டு கால், ஒரே ஆட்டம், ஒரே ஒரு லேஸ்தான் வித்தியாசம். மார்னிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இடைவேளை வந்தது. வெளியே ஐஸைச் சமன்செய்யும் வண்டி சுற்றத் தொடங்கியது. அது சுற்றி முடிப்பதற்குள் தயாராக வேண்டும்.

அப்பா புது லேஸோடு ஓடி வந்தார். அறுந்த லேஸைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இதோடயா ஆடினே? இரு, இந்தத் தடவை அசையவே அசையாத மாதிரி கட்டிவிடறேன்."

மார்னி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அறையே அவளைப் பார்த்தது. உங்கள் முடிச்சுதான் தப்பு என்று இத்தனை பேர் முன்னால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் மூன்றாம் பகுதியில் மறுபடியும் தவழ வேண்டும்.

"அப்பா, அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளையாட்டு. நான் ரெண்டு ஸ்கேட்டையும் காலுறையையும் கழட்டிட்டுக் கண்ணை மூடிக்கிறேன். நீங்க ஒரு விரலைத் தொடுங்க. எதுன்னு நான் சொல்றேன்."

இப்போது என்ன விளையாட்டு என்று கோச் இலேன் கேட்டார். அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு லேஸை அவிழ்த்தார்.

இடது காலில் மார்னி பெருவிரல், சுண்டுவிரல் என்று சரியாகச் சொன்னாள். அப்பா வலது காலுக்கு வந்தார். மார்னி காத்திருந்தாள்.

"தொடுங்கப்பா."

"கிள்ளிக்கிட்டே இருக்கேன், குட்டி" என்றார் அப்பா மெதுவாக.

அவள் கண்ணைத் திறந்தாள். வலது பாதம் வெளுத்துக் கிடந்தது. கணுக்காலின் முன்பக்கம் லேஸ் பதிந்த தடம் சிவந்திருந்தது. பிறகு ரோரி குனிந்து தன் ஸ்கேட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.

"எனக்கும் கொஞ்சம் கிள்ளிப் பாருங்க" என்றான்.

அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காலை நீட்டினார்கள். எல்லாக் காலிலும் அதே தடம். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"உங்க முடிச்சு ஒருநாளும் அவிழ்ந்ததில்லைப்பா. எங்க யாருக்கும் கணுக்கால் உடையலை" என்றாள் மார்னி. "மேல மட்டும் கொஞ்சம் விட்டுக் கட்டிப் பாப்போமா?"

அப்பா சரியென்று தலையை ஆட்டினார். மார்னி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையில் ஒரு ஜோடியை மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றதை எறிந்தாள். ஸ்கேட்டுக்குள் காலை விட்டு, குதிகால் பின்னால் பொருந்தும்படி தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். விரல்கள் பக்கம் தளர்வாக, கால் வளையும் இடத்தில் உறுதியாக, மேலே ஒரு விரல் நுழையும்படி கட்டச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அப்பா கட்டினார்.

வண்டி கடைசிச் சுற்றில் இருந்தது. கோச் இலேனும் மண்டியிட்டு லேஸ் கட்டினார். மரத்த கால்களில் ரத்தம் ஓடத் தொடங்கியதும், எறும்பு கடிப்பதுபோல் இருக்கிறது என்று பிள்ளைகள் குதித்தார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மூன்றாம் பகுதியில் வில்லோ பெண்ட் தவழவில்லை. ஹார்ட்விக்கும் விடவில்லை. நேரம் முடியப்போகும்போது பக், அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டு, மார்னியிடம் வந்தது. எதிரே இரண்டு பேர். அவள் வலது காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினாள். பார்வையாளர் வரிசையில் அப்பா எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கணுக்கால் தாங்கியது. பக் ரோரியிடம் போனது. அவன் குப்புற விழுந்துகொண்டே தள்ளியது வலைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஆட்டம் முடிந்து அறைக்கு வந்த அப்பா, கோல் போட்டது யார் என்று கேட்டார். ரோரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னோட கோலை நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்லடா. நான் கணுக்காலையே பாத்துட்டிருந்தேன்."

அன்று பிள்ளைகள் தாங்களே லேஸை அவிழ்த்துக்கொண்டார்கள். அப்பா தன் பெரிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கதவோரம் நின்றார்.

மார்னி தன் லேஸின் நுனியைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"எனக்கு வரலைப்பா. நீங்களே அவிழ்த்துவிடுங்க" என்று காலை நீட்டினாள்.

அப்பா மண்டியிட்டார். லேசாக ஒரு இழுப்பு இழுத்ததுமே முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த காலைப் பிடித்தார்.