எதிராளி நிரப்பிய எண்ணெய்

சூலூர் மோதல் அரங்கில் அன்று இரண்டாவது முதுகெலும்பு முறிந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முறிந்தவனை யாரும் தொடவில்லை. மோதிக்கொண்டவை இரண்டு பொம்மைக் கார்கள்தான்.

மனிதனை மனிதன் அடித்தால் ஆயுள் சிறை என்று சட்டம் வந்த பிறகு, பகையெல்லாம் அந்தக் கார்களுக்குள் குடிபுகுந்துவிட்டது. முழ நீள வண்டி, கையில் ரிமோட், இடுப்பில் வலிக்கச்சை. வண்டி வாங்கும் அடியை அதன் நான்கு எண்ணெய் ஷாக்குகள், அதாவது அதிர்வு தாங்கும் குழாய்கள், விழுங்கியது போக, மிச்சத்தைக் கச்சை ஓட்டுநரின் முதுகில் இறக்கும். எண்ணெய் முழுதாக நிறைந்திருந்தால் தட்டிக்கொடுப்பது போலிருக்கும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி கிடந்தால் உலக்கை இடி. பார்க்க வந்தவர்களும் மெல்லிய கச்சை கட்டியிருந்தார்கள். அவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு வலி.

அரங்கின் வழக்கப்படி, ஒருவரின் ஷாக்குகளை எதிராளிதான் திரைக்குப் பின்னால் நிரப்ப வேண்டும். குமிழி வைக்காமல் நிரப்பியவர் எவரும் இல்லை.

நாச்சிமுத்து தன் ஷாக்குகளை அடுத்த பந்தயத்தின் எதிராளி பூவாத்தாளிடம் நீட்டி, அவளுடையவற்றை வாங்கிக்கொண்டான்.

"ஏம்புள்ள, உங்கண்ணன் எந்திரிச்சு நடக்கறானா?"

"இல்லீங்க. இன்னிக்கு நீங்களும் நடக்கமாட்டீங்க."

அவள் அண்ணன் சின்னராசுவைப் படுக்கையில் தள்ளியது, போன பந்தயத்தில் நாச்சிமுத்து வைத்த குமிழிதான்.

திரைக்குப் பின்னால் பூவாத்தாள் முதல் ஷாக்கில் பாதி எண்ணெய் ஊற்றி மூடியை முடுக்கினாள். அதன் அடியில் நீட்டியிருந்த கம்பியை அழுத்திப் பார்த்தாள். 'களக்' என்றது. உள்ளே காற்று நின்றுவிட்ட ஷாக்கின் சத்தம். சின்னராசுவின் தொண்டையில் செருகிய குழாயில் மூச்சு ஏறி இறங்கும்போது கேட்பதும் அதே சத்தம்தான். அவள் கை நின்றது.

"மாகாளித்தாயே, இந்தச் சத்தத்த இன்னொரு ஊட்டுக்கு நான் அனுப்பமாட்டேன்."

மூடியைத் திறந்தாள். விளிம்புவரை ஊற்றி, கம்பியை மெல்ல மேலும் கீழும் இழுத்தாள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரக் காத்திருந்தாள். எண்ணெய் சற்றே வழிய மூடினாள். நான்கையும் அப்படியே நிரப்பினாள்.

முதல் மோதலிலேயே அவள் வண்டி புரண்டு நிமிர்ந்தது. முதுகில் இடி இறங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள், வாயெல்லாம் இரத்தம். கால்கள் மரத்து, மேடையில் மண்டியிட்டாள். ஆனாலும் ரிமோட்டை விடவில்லை. எதிர் வண்டியை விரட்டிச் சுவரோடு சேர்த்து நசுக்கினாள்.

நாச்சிமுத்து பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். யாரோ முதுகை நீவிவிட்டது போலிருந்தது. மறுபடி மோதினாள். மறுபடியும் அதேதான்.

"ஏம்புள்ள... நீ குமிழி உடலயா?"

"உடலீங்க."

"நான் உட்டுட்டனே!"

அவன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான். அதைப் பார்த்து அவளும் விரலை எடுத்தாள்.

"வலி எங்கடா? அடிங்கடா!" என்று கூட்டம் கத்தியது. கச்சைகள் சும்மா கிடந்தன. கடுப்பில் ஒருவன் பக்கத்திலிருந்தவனைக் குத்தினான். அவன் திருப்பிக் குத்தினான். அடி என்றால் இவ்வளவுதான் வலிக்கும் என்று பத்தில் ஒரு பங்கை மட்டுமே அறிந்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால் பத்து மடங்கு ஓங்கி அடித்தார்கள். பற்கள் தெறித்தன. தாடைகள் உடைந்தன.

மேடையை நோக்கி ஓர் இரும்பு நாற்காலி பறந்து வந்தது. எழ முடியாமல் கிடந்த பூவாத்தாளின் மேல் நாச்சிமுத்து கவிழ்ந்தான். நாற்காலி அவன் முதுகில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் அவள் காதருகே கேட்டது.

மேடைக்குக் கீழே ஒருவன், தான் அடித்து வீழ்த்தியவனின் வாயிலிருந்து வழிந்த இரத்தத்தைத் தொட்டுப் பார்த்தான். தன் கச்சையை இறுக்கிப் பார்த்தான். அதில் வலி ஒன்றும் தெரியவில்லை.

பூவாத்தாள் நாச்சிமுத்துவின் முதுகில் உள்ளங்கையை வைத்து, மெல்ல மேலும் கீழும் நீவினாள்.

"பொறுங்க. மெதுவா மூச்சு உடுங்க. அவசரப்பட்டா காத்து உள்ளயே நின்னுக்கும்."