எந்தப் பக்கம் அடிபட்டது?

“நீ எதுக்கு அங்கன? ஆனந்தவள்ளி வருதா. அவ போதும்!”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வேல்ராஜ் போட்ட சத்தத்தில், மனைவி தங்கத்தாய் கையிலிருந்த காப்பி தளும்பியது. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை தூறிக்கொண்டிருந்தது. சாரல் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் அவளுக்கு வசவும் தொடங்கிவிடும்.

“பெத்த பிள்ளைய அருவிக்கரையில கீழ போட்டுட்டு, இன்னைக்கு ஸ்கேன் பாக்க வருதாளாம்! ஒன்னாலதானட்டி அவளுக்கு இந்த வலிப்பு?”

“அம்மா வந்தாத்தான் நான் வருவேன்ப்பா...” என்றாள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் அபி. வேல்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோ கூப்பிடப் போனார்.

அவருடைய தங்கை ஆனந்தவள்ளி புளியங்குடியிலிருந்து நேராக ஸ்கேன் சென்டருக்கே வந்துவிட்டாள். மதினி தங்கத்தாயின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்றைக்குத்தான் பார்த்தாள்!

டாக்டர் ஷெர்லின் பொறுமையாக விளக்கினார். வலிப்பு மூளையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று படத்தில் பார்க்க வேண்டும். இத்தனை வருஷ வலிப்பு ஞாபகசக்தியை எவ்வளவு பாதித்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். படித்த பாடம் மறுநாளே மறந்துபோகிறதே என்று அபி அழாத நாளில்லை.

“சின்ன வயசுல தலையில அடிபட்டிருக்கா?”

“மூணு வயசுல, ஐந்தருவிப் படியில... இவ கையிலேருந்து விழுந்துட்டா டாக்டர்!” வேல்ராஜ் முந்திக்கொண்டார்.

“எந்தப் பக்கம் அடிபட்டுச்சும்மா? உடனே அழுதாளா, மயங்கிட்டாளா? சரியாச் சொல்லுங்க. படத்தைப் பாக்கும்போது எனக்கு அது தெரியணும்.”

எந்தப் பக்கம்? தங்கத்தாய் எங்கே பார்த்தாள்! சேலை மாற்றப் போனவள் அலறல் கேட்டு ஓடிவந்தபோது பிள்ளை படியில் கிடந்தது. பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள், கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஆனந்தவள்ளி. மாப்பிள்ளை வீட்டார் காதில் விழக்கூடாதே என்று, தன் கைதான் நழுவியது என ஒரு பொய் சொன்னாள் தங்கத்தாய். பின்னால் வலிப்பு வந்தபோது எல்லாம் அவள் தலையில் விடிந்தது.

அந்தப் பொய் இன்று மகளுக்கே கெடுதலாகிவிடுமோ? அதற்காக நாத்தனாரைக் காட்டிக் கொடுப்பதா?

“அது... வந்து டாக்டர்...”

“எந்தப் பக்கம்னுகூடத் தெரியல பாருங்க! தாயாம் தாய்!”

“போதும்ண்ணே!” ஆனந்தவள்ளி வெடித்து அழுதாள். “வலது பக்கம் டாக்டர்... உடனே அழுதுட்டா, மயங்கல. மதினி அங்கன இல்லவே இல்ல. என் கையிலேருந்துதான் விழுந்தா! என் வாழ்க்கைக்காக மதினி பழியச் சுமந்தா... வாயத் தொறக்காம இருந்துட்டேனே, பாவி!”

சாயங்காலம் டாக்டர் படத்தைக் காட்டினார். கோளாறு இடது பக்கத்தில் இருந்தது. கருவிலேயே மூளை அந்த இடத்தில் சரியாக உருவாகவில்லையாம். ஞாபகத்துக்கான பகுதியும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்றார்.

“ஆனா விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. யார் மேலயும் தப்பில்லம்மா.”

காலில் விழப்போன ஆனந்தவள்ளியைத் தங்கத்தாய் வாரி அணைத்துக்கொண்டாள்.

“இத்தன வருஷம் நீயும் நிம்மதியாத் தூங்கியிருக்க மாட்டியேட்டி...”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?” என்றார் வேல்ராஜ், தலை குனிந்தபடி.

“சொல்லியிருந்தா அவள வைதிருப்பீய. அத நானே வாங்கிக்கிட்டேன்.”

ஸ்கேன் சென்டர் வாசல் படியெல்லாம் நனைந்து கிடந்தது. ஈரத்தைக் கண்டால் மகளின் கையைத் தங்கத்தாயிடம் கொடுக்காத வேல்ராஜ், அன்று ஒதுங்கி நின்றார்.

“நீயே கூட்டிட்டு வாட்டி...”

இரண்டு படி இறங்குவதற்குள் அபி முகம் சுளித்தாள். “அம்மா... கை வலிக்குதும்மா!”

“வலிக்கட்டும்ட்டி...” என்று அழுதுகொண்டே சொன்னாளே தவிர, கடைசிப் படி வரை தங்கத்தாய் பிடியைத் தளர்த்தவில்லை.